நின்ஹைட்ரினுக்குத் தெரியாத ப்ரோலின்

அன்புள்ள ஐயா,

மெரிஃபீல்ட் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பிசின் மணிமேல் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோர்க்கும் அவருடைய முறையில், எஃப்மாக் (அமினைத் தற்காலிகமாக மூடும் காப்புக் குழு) வழியாக, 20 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடைக் கையாலேயே கட்டினேன். கலவையைப் பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சியில் பெரிய பீக்குக்குச் சற்று முன்னால் இன்னொன்று ஒட்டி நிற்கிறது. அதன் நிறை 99 குறைவு. வரிசையில் ஒரே ஒரு வேலின்தான், 11-ஆவது இடத்தில்; 12-ஆவது ப்ரோலின். வேலினைச் சேர்த்தபின் வினைபுரியாமல் மிஞ்சிய அமினைக் காட்டும் நின்ஹைட்ரின் சோதனையில் நீலம் வரவில்லை. பிறகு எப்படி அது விட்டுப்போகும்?

முதுகலை வேதியியல் மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

99 என்பது வேலினின் எச்ச நிறை, அதாவது சங்கிலியில் சேர்ந்தபின் அது கூட்டும் நிறை. ஆகவே விட்டுப்போனது வேலின்தான். உங்கள் கப்ளிங்கைவிட (அமிலத்தைச் சங்கிலியில் இணைக்கும் வினை), அதைச் சரிபார்த்த சோதனையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சங்கிலியை வால்பக்கத்திலிருந்து கட்டுகிறோம். எனவே 12-ஆவது ப்ரோலின் முதலில் ஏறும், வேலின் அதன் மேல் உட்காரும். ப்ரோலினில் இருப்பது இரண்டாம்நிலை அமின். கைசரும் சகாக்களும் 1970-இல் கொடுத்த நின்ஹைட்ரின் சோதனை முதல்நிலை அமினுக்குத்தான் நீலம் காட்டும். ப்ரோலினுக்கு மிஞ்சினால் மங்கலான பழுப்புச் சிவப்பு. எஃப்மாக்கைக் கழற்றியதும், வேலினைச் சேர்க்கும் முன்பே, நாலு மணிகளை எடுத்துப் பார்த்திருந்தால் அப்போதும் நீலம் வந்திருக்காது. அங்கேயே குட்டு உடைந்திருக்கும்.

இந்த இடத்தில் குளோரனில் சோதனை செய்யுங்கள். டிஎம்எஃப் கரைப்பானில் 2 சதவீத அசிட்டால்டிஹைடு, 2 சதவீத குளோரனில், இரண்டிலும் சில சொட்டு, அறை வெப்பத்தில் 5 நிமிடம். மணி நீலமாகவோ பச்சையாகவோ மாறினால் அமின் மிச்சமிருக்கிறது. எஃப்மாக்கைக் கழற்றும் பைபெரிடினும் இரண்டாம்நிலை அமின் என்பதால் கழுவல் குறைந்தால் பொய்யாக நீலம் காட்டும். டிஎம்எஃபில் ஆறு முறையாவது கழுவுங்கள்.

வேலினின் பக்கக்கிளையும் ப்ரோலினின் வளையமும் ஒன்றையொன்று நெருங்க விடாது. அதனால் இங்கே இரட்டைக் கப்ளிங் வேண்டும். 0.1 மில்லிமோல் அளவுக்கு எஃப்மாக்-வேலின் 136 மில்லிகிராம், இணைப்பைத் தூண்டும் ஹாட்டு 148 மில்லிகிராம், காரமாக டைஐசோப்ரொபைல்எதில்அமின் 140 மைக்ரோலிட்டர். ஒரு மணி நேரம், வடித்துவிட்டு மறுபடி அதே அளவு. ஹாட்டு அமினோ அமிலத்தைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கட்டும். மிஞ்சினால் அது நேரே அமினைப் பிடித்து குவானிடின் ஆக்கிவிடும், அந்தச் சங்கிலி அதோடு முடிந்தது. இரண்டாவது சுற்றுக்குப் பின்னும் நிறம் தெரிந்தால் அசெட்டிக் அன்ஹைட்ரைடால் மூடிவிடுங்கள். மூடிய சங்கிலி மேலே வளராமல் குட்டையாக நின்றுவிடும். ஹெச்பிஎல்சியில் பெரும்பாலும் தள்ளியே வரும். வேலின் மட்டும் இல்லாமல் முழு நீளம் வளர்ந்ததுதான் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு தொல்லை தரும்.

மெரிஃபீல்டிடம் வருகிறேன். 1953-இல் வேதியியலாளர் டூ விக்னோ ஆக்சிடோசின் என்ற பெப்டைட் ஹார்மோனைத் தொகுத்த காலத்தில் கரைசலிலேயே வேலை. இடைப்பொருளைப் பிரித்துச் சுத்தம் செய்துதான் அடுத்த படிக்குப் போவார்கள். 1963-இல் மெரிஃபீல்ட் நான்கு அமினோ அமிலப் பெப்டைடை பாலிஸ்டைரீன் மணியில் கட்டிக் காட்டியபோது, அந்தச் சுத்தம் வெறும் வடிகட்டலும் கழுவலுமாகச் சுருங்கியது. வேகம் வந்தது, காவல் போனது. மணியில் ஒட்டிக்கொண்ட பிழையை எந்தக் கழுவலும் எடுக்காது. அவரும் குட்டேயும் 1969-இல் 124 அமினோ அமிலங்கள் கொண்ட ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதியை 369 வினைகளில், 11,931 படிகளில் கட்டினார்கள். இந்த முறைமேல் கரைசலிலேயே தொகுத்துவந்தவர்கள் வைத்த முக்கியக் குறையும் இதே விட்டுப்போன அமிலங்கள்தான். எனக்கு அது நியாயமான குறையாகவே படுகிறது. 1984-இல் நோபல் அவருக்குத் தனியாகவே கிடைத்தது என்பது வேறு விஷயம்.

உங்கள் கணக்கையே பாருங்கள். 19 கப்ளிங்கில் 18 தலா 99.5 சதவீதம், இந்த ஒன்று மட்டும் 80 சதவீதம் என்றால் சரியான பெப்டைட் 73 சதவீதம்தான். எல்லாமே 99.5 என்றால் 91 வந்திருக்கும்.

கையில் இருக்கும் கச்சாப் பொருளை வீசிவிட வேண்டாம். வேலின் இல்லாதது நீர் வெறுப்பு குறைந்தது, அதனால்தான் முன்னால் வருகிறது. அசிட்டோநைட்ரைலை நிமிடத்துக்கு அரை சதவீதம் மட்டும் ஏற்றி ஓட்டுங்கள், பீக்கின் பின்பாதியை மட்டும் சேகரியுங்கள். நிறைமானியில் இரட்டை மின்னூட்ட அயனியைப் பார்ப்பதானால் வித்தியாசம் 99 அல்ல, 49.5.