ஏவிஎம்: கேட்டதும் சொன்னதும்

பழைய படங்களின் டைட்டில் கார்டைப் படித்தே வயதானவன் நான். ஏவிஎம் பட நிறுவனத்தைப் பற்றிக் கேளுங்கள் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏவிஎம் தயாரித்த படம் வேறு, ஏவிஎம் படப்பிடிப்புத் தளத்தில் எடுக்கப்பட்ட படம் வேறு. தளத்தை யார் வேண்டுமானாலும் வாடகைக்கு எடுக்கலாம்.

கேள்வி: ஏவிஎம்மின் 'நாம் இருவர்' வடபழனியில் எடுத்ததுதானே?

இல்லை, காரைக்குடியில். கீற்றுக் கொட்டகை போட்டு, ஏவிஎம்மைத் தொடங்கிய மெய்யப்பச் செட்டியார் அங்கேதான் எடுத்தார். 1948இல்தான் வடபழனிக்கு வந்தார்கள். 'நாம் இருவர்' வெளியானது 1947 ஜனவரியில். 'ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம்' என்று பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆடுகிறார். சுதந்திரத்துக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது! வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்த நேரம். பாட்டு பாரதியுடையது.

கேள்வி: 'பராசக்தி' ஏவிஎம் படமா?

பாதி. நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ.பெருமாளும் ஏவிஎம்மும் சேர்ந்து எடுத்தது, 1952. சிவாஜிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் பெருமாள். அந்தப் புண்ணியத்தை அவர் கணக்கில் எழுதுங்கள்.

கேள்வி: எம்ஜிஆர் ஏவிஎம்முக்கு எத்தனை படம் செய்தார்?

ஒன்று. 'அன்பே வா', 1966.

கேள்வி: 'எங்க வீட்டுப் பிள்ளை'யை விட்டுவிட்டீர்களே?

அது விஜயா நிறுவனம். அவர்களும் வடபழனிதான். ஊர் ஒன்று, பேனர் வேறு.

கேள்வி: ஏவிஎம் சீரியல் எடுத்ததுண்டா?

உண்டு. சிவசங்கரியின் 'ஒரு மனிதனின் கதை'யைத் தூர்தர்ஷனுக்காக எடுத்தார்கள். குடிக்கு அடிமையாகும் தியாகுவாக ரகுவரன். எங்கள் தெருவில் டிவி இருந்த வீட்டுத் திண்ணை வரை கூட்டம் நிற்கும். குடிகாரன் என்றால் தள்ளாட வேண்டும், உளற வேண்டும் என்றிருந்த காலத்தில் அந்த மனிதர் கண்ணாலேயே குடித்தார். பிற்பாடு அதையே 'தியாகு' என்று படமாக்கினார்கள். எனக்கு சீரியல்தான் பிடித்தது. அந்தச் சீரழிவை வாரா வாரம் பார்க்க வேண்டும்.

கேள்வி: பாரதி பாட்டையெல்லாம் விலைக்கு வாங்கிப் பூட்டி வைத்தவர்தானே உங்கள் செட்டியார்?

என் செட்டியார் இல்லை. அவர் வாங்கியது கவிதையை அச்சிடும் உரிமையை அல்ல, ஒலிப்பதிவு உரிமையை. அதுவும் பாரதி குடும்பத்திடமிருந்து நேராக வாங்கவில்லை. ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த ஒரு வியாபாரியிடமிருந்து வாங்கினார்.

கேள்வி: பூசி மெழுகாதீர்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் மீது வழக்கு வந்ததே?

வந்தது, செட்டியார் போட்டதுதான். நாடகக்காரர்களான அந்தச் சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டு இருந்ததுதான் காரணம். நான் மறைக்கவில்லை, நீங்கள் கேட்கவில்லை. அந்தத் தகராறுதான் ஊரைக் கிளப்பியது. நாரண துரைக்கண்ணன் போன்ற எழுத்தாளர்கள் பாரதி பாடல் எல்லோருக்கும் சொந்தம் என்று இயக்கம் நடத்தினார்கள். 1949இல் சென்னை அரசு உரிமையை எடுத்துக்கொண்டது.

கேள்வி: அப்போதும் காசு வாங்கியிருப்பாரே?

வாங்கவில்லை. தன் ஒலிப்பதிவு உரிமையைப் பணம் பெறாமல் கொடுத்துவிட்டார். வழக்கும் உண்மை, இதுவும் உண்மை. ஊர் எதிர்ப்பைப் பார்த்துத்தான் கொடுத்தார் என்கிறீர்களா? இருக்கலாம். மனதுக்குள் புகுந்து பார்க்க என்னால் ஆகாது. இதே விஷயத்தில் இன்னும் எட்டுப் பேர் கேட்டிருக்கிறீர்கள். எட்டுக்கும் இதுதான் பதில்.

கேள்வி: கமல் முதல் படம்?

'களத்தூர் கண்ணம்மா', 1960. இது தெரியாமலா கேட்கிறீர்கள்?

கேள்வி: நடிக்க வாய்ப்பு வாங்கித் தர முடியுமா?

நான் டைட்டில் கார்டு படிக்கிறவன், சார்.

கேள்வி: 'மாயா பஜார்' ஏவிஎம்தானே?

விஜயா! மேலே போய்ப் படியுங்கள்.

கேள்வி: 'மூன்றாம் பிறை'?

சத்யஜோதி. சரி, இன்றைக்கு இது போதும், காபி ஆறுகிறது.