ஆறு கடிதங்களையும் அனுப்ப வேண்டுமா?

அன்புள்ள தம்பி,

கோயம்புத்தூரிலிருந்து நியூஜெர்சிக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது, மகள் பதினொன்றாம் வகுப்பை முடிக்கப்போகிறாள், கல்லூரி விண்ணப்பத்துக்காக ஆறு பரிந்துரைக் கடிதங்களுக்கு ஏற்பாடு செய்திருக்கிறேன், ஆறையும் அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய பள்ளியின் தலைமையாசிரியர், பரதநாட்டிய ஆசிரியை, கோயில் நிர்வாகி, தமிழ்ப் பள்ளி முதல்வர், உங்கள் அலுவலகத் துணைத் தலைவர், இங்குள்ள கணித ஆசிரியர் என்று பட்டியலும் கொடுத்திருக்கிறீர்கள்.

அனுப்ப வேண்டாம். ஒவ்வொரு கல்லூரியும் எத்தனை கேட்கிறதோ அத்தனை போதும்.

உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது. சேர்க்கை என்றாலே கோப்பு நிறையச் சான்றிதழ்களை அடுக்கி, ஒன்றுக்கு மூன்று நகல் எடுத்துக்கொண்டு போய்ப் பழகியவர்கள் நாம். இங்கே பரிந்துரைக் கடிதத்தைச் சாட்சி சொல்வதைப்போலப் படிக்கிறார்கள். துணைத் தலைவர் பெரிய பதவியில் இருக்கலாம். உங்கள் மகள் ஒரு கணக்கோடு மல்லுக்கட்டியதை அவர் பார்த்ததில்லை.

மூத்த மகனுக்கு நானும் இதைத்தான் செய்தேன். கூடுதலாக மூன்று பேரிடம் கேட்டு வைத்திருந்தேன். அவனுடைய பள்ளிக் கவுன்சலர், அதாவது மாணவர்களுக்குப் படிப்பில் வழிகாட்டும் ஆலோசகர், பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மற்றவர்கள் சொல்லாத எதை இவர்கள் சொல்லப்போகிறார்கள்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்றையும் விட்டுவிட்டோம்.

முதலில் நடைமுறையைச் சொல்கிறேன். காமன் ஆப் என்கிற, பல கல்லூரிகளுக்கு ஒரே விண்ணப்பத்தை அனுப்பும் இணையதளம் வழியாக விண்ணப்பித்தால் கடிதத்தை எழுதுபவரே நேரடியாக ஏற்ற வேண்டும். நீங்கள் கையில் வாங்கி வைத்திருப்பதை மாணவி இணைக்க முடியாது. கவுன்சலரின் கடிதம் தனி. அதற்கு மேல் எத்தனை ஆசிரியர்கள், வெளியாள் கடிதத்துக்கு இடம் உண்டா என்பதைக் கல்லூரிதான் முடிவுசெய்கிறது. ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் இரண்டு ஆசிரியர்களைக் கேட்கின்றன. எம்.ஐ.டி. தனி விண்ணப்பம் வைத்திருக்கிறது. அங்கே கணிதம் அல்லது அறிவியல் ஆசிரியர் ஒருவர், மொழி, வரலாறு போன்ற பாட ஆசிரியர் ஒருவர் எழுத வேண்டும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத்தில் கடிதத்துக்கு இடமே கிடையாது. அதன் பெர்க்லி போன்ற வளாகம் சிலரிடம் மட்டும் பிறகு கேட்டு வாங்கலாம்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது இரண்டு ஆசிரியர்கள். கணித ஆசிரியர் இருக்கிறார். ஆங்கிலம் அல்லது வரலாறு எடுத்தவரில் ஒருவரைச் சேருங்கள். பதினொன்றாம் வகுப்பில் பாடம் நடத்தியவராக இருப்பது நல்லது. அதிக மதிப்பெண் போட்டவரைத்தான் கேட்க வேண்டும் என்றில்லை.

என் மகள் கேட்டது வேதியியல் ஆசிரியையை. அந்தப் பாடத்தில் அவள் முதலிடம் இல்லை. ஒருநாள் ஆய்வகத்தில் அமிலத்தை ஒரு சொட்டு அதிகமாக விட்டு, கரைசலின் நிறம் எல்லை தாண்டிப் போய்விட்டது. மணி அடிக்கப் பத்து நிமிடம். பக்கத்து மேசையின் எண்ணை எழுதிக்கொள்ளாமல், தவறிப்போன அளவையும் குறிப்பேட்டில் எழுதி, கோடு போட்டு அடித்து, மறுபடி முதலிலிருந்து செய்திருக்கிறாள். அந்த அடித்த வரியைப் பற்றித்தான் கடிதத்தில் எழுதியதாகப் பட்டமளிப்பு நாளில் ஆசிரியை எங்களிடம் சொன்னார். கோயில் நிர்வாகிக்கு அது எப்படித் தெரியும்?

கூடுதலாக ஒன்றே ஒன்று என்றால், கல்லூரி இடம் கொடுத்தால், நாட்டிய ஆசிரியை. பத்து வருடம் பார்த்தவர் என்றால் அவரிடம் புதிதாகச் சொல்ல ஏதோ இருக்கும். "கடின உழைப்பாளி, பணிவானவள்" என்று மட்டும் எழுதுவார் என்று தோன்றினால் அதையும் விட்டுவிடுங்கள். கோவைத் தலைமையாசிரியரின் கடிதம் தேவையில்லை. ஆனால் ஒன்பதாம் வகுப்பை அங்கே படித்திருந்தால், அந்த மதிப்பெண் பட்டியல் இங்குள்ள பள்ளியின் கோப்பில் இருக்கிறதா என்று இந்த வாரமே விசாரியுங்கள். கல்லூரிகள் ஒன்பதிலிருந்துதான் பார்க்கின்றன.

இன்னொன்று. கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வரும். 1974-ஆம் ஆண்டுச் சட்டம் மாணவர்களுக்குக் கொடுத்த உரிமை அது. விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள். ஆசிரியர் மனம்விட்டு எழுதினார் என்று கல்லூரி நம்புவதற்கு அது வேண்டும்.

உங்கள் உழைப்பைக் காட்ட ஓர் இடம் உண்டு. பல பள்ளிகளில் கவுன்சலர் பெற்றோரிடமும் ஒரு படிவம் கொடுப்பார். நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் கவனிப்பவர் அவர். உங்கள் மகளை நெருக்கமாக அறிய அந்தத் தாள்தான் வழி. பட்டங்களை அடுக்காமல், வீட்டில் நீங்கள் கண்ணால் பார்த்த இரண்டு சம்பவங்களை எழுதுங்கள். மொழி பிசகினாலும் பரவாயில்லை.

ஆசிரியர்களை ஜூன் விடுமுறைக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். நவம்பர் 1-ஆம் தேதியைக் கெடுவாக வைத்திருக்கும் கல்லூரிகள் பல. செப்டம்பரில் எல்லாரும் அவர்களைத்தான் சூழ்ந்துகொள்வார்கள். கேட்பது மகளாக இருக்கட்டும், வகுப்பு முடிந்ததும் நேரில். நீங்கள் மின்னஞ்சல் அனுப்ப வேண்டாம்.