தெர்மாகோல் பாறைக்கு எந்த க்ரௌட் வாங்கலாம்?

கேள்வி: 2 அடி நீளம், 1½ அடி உயரக் கண்ணாடித் தொட்டியில் பாசியும் பெரணியும் வளர்க்கப் போகிறேன். பின்பக்கத்துக்குத் தெர்மாகோலில் பாறை செதுக்கிவிட்டேன். அதன்மேல் பூச க்ரௌட் (டைல்ஸ் இடுக்கை அடைக்கும் கலவை) கேட்டால், கடையில் எபாக்ஸி, சிமென்ட் என்று இரண்டு வகை காட்டுகிறார்கள். எதை, எவ்வளவு வாங்குவது?

பதில்: சிமென்ட் க்ரௌட்டே போதும். எபாக்ஸியின் விலை பல மடங்கு. பிசின்போல ஒட்டிக்கொண்டு சீக்கிரம் இறுகுவதால், மேடு பள்ளங்களில் பிரஷ்ஷால் தடவ வராது. உங்கள் அளவுக்கு மூன்று பூச்சு போட 2 முதல் 2½ கிலோ பிடிக்கும். 1 கிலோ பாக்கெட் மூன்றாக வாங்குங்கள். பூஞ்சைத் தடுப்பு சேர்த்தது என்று அச்சிட்டிருந்தால் தவிர்ப்பது நல்லது. உயிருள்ளவை அதை ஒட்டியே வளரப்போகின்றன. கூடவே பெயின்ட் கடையில் ஒழுகல் தடுப்புக்கு விற்கும் லேடெக்ஸ் திரவம் ஒரு சின்ன பாட்டில் வாங்குங்கள். மரத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பசையை அதற்குப் பதிலாக ஊற்றாதீர்கள், ஈரத்தில் ஊறி இளகிவிடும். நிறத்துக்கு சிமென்ட்டில் கலக்கும் ஆக்சைடு பொடி, கிலோவுக்கு 50 கிராமுக்கு மேல் வேண்டாம். ஸ்ப்ரே பெயின்ட், தின்னர் இரண்டும் தெர்மாகோலைக் கரைத்துவிடும்.

கேள்வி: முன்பு ஒரு சிறு பாறை செய்து பார்த்தேன். ஒரு பக்கம் வெடித்தது, மறுபக்கம் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. கலப்பதில் கோளாறா?

பதில்: இரண்டுக்கும் தண்ணீர்தான் காரணம். மாவாக உதிர்ந்தால் கலக்கும்போது அதிகம் ஊற்றியிருக்கிறீர்கள், அல்லது சிமென்ட் இறுகும் முன்பே ஈரம் போய்விட்டது. வெடிப்பு, தடிமனாக ஒரே பூச்சில் அப்பி ஃபேன் காற்றிலோ வெயிலிலோ காயவைப்பதால் வருவது.

முதலில் தெர்மாகோலின் வழவழப்புப் போக உப்புத்தாள் தேயுங்கள், தூசியைத் துடையுங்கள். ஒரு தடவைக்கு 250 கிராம் மட்டும் கலக்குங்கள். பாக்கெட்டில் போட்ட தண்ணீர் அளவில் கால் பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் லேடெக்ஸ் ஊற்றுங்கள். பொடியைத் திரவத்தில் தூவிக் கலக்கி, பத்து நிமிடம் விட்டு மறுபடி கலக்குங்கள். முதல் பூச்சு மட்டும் சற்று நீர்க்க இருக்கட்டும், செதுக்கிய சந்துகளுக்குள் பிரஷ்ஷால் குத்திக் குத்திப் புகுத்துங்கள். அடுத்த இரண்டும் தோசை மாவுப் பதம், ஒவ்வொன்றும் 1 மி.மீ. போல. கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே சலித்த மணலைத் தூவினால் பாறையின் சொரசொரப்பு வரும். கிண்ணத்தில் கெட்டியாக ஆரம்பித்ததைத் தண்ணீர் விட்டு இளக்கித் தடவவே கூடாது, அது பிடிக்காது.

பூச்சுக்குப் பூச்சு ஒரு நாள் இடைவெளி. அதுவரை பாலிதீன் போர்த்தி, தண்ணீர் தெளித்து ஈரமாக வையுங்கள். எல்லாம் முடிந்தபின் மேலும் ஒரு வாரம் அப்படியே. கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள், ஈர சிமென்ட் தோலை அரிக்கும்.

சிமென்ட்டில் இருக்கும் காரத்தைப் போக்காமல் பாசி வைத்தால் கருகிவிடும். பாறையைப் பாரம் வைத்துத் தண்ணீரில் அமிழ்த்தி, தினம் தண்ணீர் மாற்றி, காரத்தின் அளவைக் காட்டும் பி.ஹெச். தாளில் பாருங்கள். புது சிமென்ட் 12ஐத் தாண்டும். ஒரு நாள் ஊறிய தண்ணீர் 8க்குக் கீழே காட்டும்வரை பொறுங்கள். மேலே வார்னிஷ் அடிக்க வேண்டாம், பாசி பிடிக்க ஈரம் உறிஞ்சும் பரப்பு வேண்டும். சுண்ணாம்பைத் தாங்கும் பெரணிதான் வேண்டுமென்றால், பழைய கிணற்றுச் சுவர்களில் தொங்கும் கருந்தண்டுப் பெரணியையே வையுங்கள்.

கேள்வி: வாங்கிய பாக்கெட்டுகளில் ஒன்று உள்ளே கல்லாக இருக்கிறது. கடைக்காரர் திரும்ப எடுக்க மறுக்கிறார்.

பதில்: பில்லோடு, பிரிக்காத பாக்கெட்டைக் கொண்டுபோய்க் கேளுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு போடவில்லை என்றால் 30 நாள். அப்போதும் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் கொடுங்கள். இனி வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பார்த்து, பாக்கெட்டை நாலு மூலையிலும் அமுக்கிப் பாருங்கள். வீட்டில் பிரித்து வைத்தது இறுகினால் கடையைக் கேட்க முடியாது. மீந்த பொடியைக் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள்.