நைஸுக்கு நாற்பது சொற்கள்

அன்புள்ள சார்,

வெளிநாட்டில் இருக்கும் ஒரு குழுவோடு தினமும் ஆங்கிலத்தில் மெயில் எழுதுகிற வேலை எனக்கு. போன மாதம் என் மேலாளர் ஒரு மெயிலைக் காட்டி, "நாலு வரியில் மூணு நைஸ் இருக்கே, வேற வார்த்தையே தெரியாதா?" என்றார். அன்றே தேடி, நைஸுக்குப் பதிலாக வரும் நாற்பது சொற்களை எழுதி மேசையில் ஒட்டிக்கொண்டேன். அடுத்த வாரமே ஒருவருக்கு "உங்கள் ஸ்ப்ரெட்ஷீட் டிலைட்ஃபுல்" என்று எழுதப்போய், இப்போது எல்லாரும் அதைச் சொல்லியே சிரிக்கிறார்கள். பட்டியலில் இருந்த சொல்தானே சார்? எதை எங்கே போடுவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எனக்கும் சிரிப்பு வந்தது, மன்னிக்கவும். நீங்கள் எழுதியதில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஒரு கணக்குத் தாளைப் பார்த்து உள்ளம் பூரித்துப்போனேன் என்று சொல்லியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

அந்தப் பட்டியலை முதலில் கிழித்துப் போடுங்கள். நம்முடைய "நல்ல" என்ற சொல்லுக்கு ஒருவர் இப்படி ஒரு பட்டியல் போட்டு இனிய, சிறந்த, அருமையான என்று எழுதிக்கொண்டால் என்ன ஆகும்? நல்ல மழை என்றால் பலத்த மழை, நல்ல அடி என்றால் வலிக்கிற அடி, "நல்லா இருக்கே கதை" என்றால் கதை நன்றாக இல்லை என்று அர்த்தம். நல்ல பாம்பை இனிய பாம்பு என்று மாற்றிப் பாருங்கள். நைஸும் இதே ஜாதிதான். தனக்கென்று பொருள் குறைவு, பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்த்துக் குணம் மாறும்.

அதன் பூர்வீகம் இன்னும் வேடிக்கை. லத்தீனில் நெஸ்கியுஸ் என்றால் அறியாதவன். "தெரியாது" என்பதற்கான அந்தச் சொல்லுக்குள் இருக்கும் "தெரி" என்ற பகுதியிலிருந்துதான் சயன்ஸ் என்ற சொல்லும் வந்தது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது, அதாவது 14ஆம் நூற்றாண்டு வாக்கில், ஒருவரை நைஸ் என்றால் முட்டாள் என்று பொருள். அப்புறம் அதற்குக் கூச்சமுள்ள, எதிலும் குறை பார்க்கிற, நுணுக்கமான என்றெல்லாம் பொருள் ஏறி, 18ஆம் நூற்றாண்டில்தான் இன்று நாம் சொல்கிற இனிமையான என்ற பொருள் நிலைத்தது. நுணுக்கம் முழுதாகப் போய்விடவில்லை: நைஸ் டிஸ்டிங்ஷன் என்று ஒருவர் எழுதினால் அவர் பாராட்டவில்லை, மயிரிழை வேறுபாடு என்கிறார். உங்கள் மேலாளரின் புகாரும் புதிதல்ல. ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டனின் நார்தாங்கர் அபி நாவலில், ஒரு புத்தகத்தை நைஸ் என்று சொல்லும் கதாநாயகியை நாயகன் கிண்டல் செய்யும் காட்சி ஒன்று உண்டு. நாவல் வெளிவந்தது 1817 கடைசியில்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மனிதரைப் பற்றி எழுதும்போது நைஸுக்கும் கைண்டுக்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். முகம் சுளிக்காமல் பேசுகிறவர் நைஸ். உங்களுக்காகத் தன் வேலையை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர் கைண்ட். அவரைப் போய் நைஸ் என்று எழுதினால் அவர் செய்ததைக் குறைத்துவிட்டீர்கள். ப்ளெசன்ட் வானிலைக்கும் பயணத்துக்கும் பொருந்தும், கொஞ்சம் விறைப்பான சொல். லவ்லி பிரிட்டனில் தண்ணீராய்ப் புழங்கும். டீசன்ட் என்றால் மோசமில்லை, போதும் என்கிற அளவு, ஆனால் ஒரு மனிதரை டீசன்ட் என்றால் அது நல்ல சான்றிதழ்.

நிஜமாகவே ஆபத்தான சொல் ஃபைன். அகராதிகளில் நைஸுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். ஃபைன் ஒயின், ஃபைன் ஆர்ட் எல்லாம் உயர்ந்த சரக்குதான், ஆனால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒருவர் செய்த அறிக்கைக்கு "யுவர் ரிப்போர்ட் இஸ் ஃபைன்" என்று பதில் போட்டால் அவர் காதில் விழுவது "பரவாயில்லை, விடுங்கள்" என்பதுதான். "ஐ ஆம் ஃபைன்" என்பது வேண்டாம் என்று மறுப்பதற்கும் ஆகும். இந்தச் சொல்லால் மனம் கசந்தவர்கள் ஏராளம், டிலைட்ஃபுல்லால் அப்படி யாரும் புண்பட்டதில்லை.

சில இடங்களில் நைஸை அசைக்கவே முடியாது. நைஸ் ட்ரை என்பது தோற்றுப்போன முயற்சிக்குச் சொல்வது, பாதி ஆறுதல் பாதி நக்கல். ப்ளெசன்ட் ட்ரை என்று யாரும் சொல்வதில்லை. நைஸ் அண்ட் ஸ்லோ என்பதில் நைஸ் மெதுவை அழுத்திக் காட்டுகிறது, "நல்லா மெதுவா" என்கிறோமே அதே மாதிரி. "நைஸ் டு மீட் யூ" முதல் சந்திப்பின் தொடக்கத்தில், "நைஸ் மீட்டிங் யூ" விடைபெறும்போது. கையில் இருப்பது கீழே விழுந்து உடையும்போது பக்கத்தில் நிற்பவர் "நைஸ்!" என்றால், அதற்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இடையில் ஒன்று. இந்தச் சொல்லை நாமும் சும்மா விடவில்லை. நைசாக நழுவினான் என்கிறோம், காரியம் ஆக வேண்டும் என்றால் நைஸ் பண்ணுகிறோம், நைசாக அரைக்கிறோம். இதில் ஒன்றையாவது ஒரு ஆங்கிலேயரிடம் சொல்லிப் பாருங்கள், விழிப்பார்.

அகராதிக்காரர்களைக் குறை சொல்லவில்லை. பீட்டர் மார்க் ரொஜே என்ற மருத்துவர் 1852இல் தெசாரஸ் என்ற தன் ஒத்த சொல் தொகுப்பை வெளியிட்டபோது சொற்களைக் கருத்து வாரியாக அடுக்கினார், நம் நிகண்டுகளும் ஏறக்குறைய அப்படித்தான் அடுக்கின. சொல் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வர மறுக்கும்போது எடுத்துப் புரட்டுவதற்கு அவை உதவும். தெரியாத சொல்லை அதிலிருந்து பிடுங்கி மெயிலில் நடுவதுதான் வம்பு.

அந்த ஸ்ப்ரெட்ஷீட்டுக்கே திரும்பி வாருங்கள். அதில் உங்களுக்குப் பிடித்தது எது? தேடியது உடனே கிடைத்ததா? அப்படியென்றால் கிளியர். ஒன்றும் விடுபடாமல் எல்லாம் இருந்ததா? தரோ. உங்கள் வேலையில் ஒரு மணி நேரம் மிச்சமானதா? அதற்கு அடைமொழியே வேண்டாம், "இதனால் எனக்கு ஒரு மணி நேரம் மிச்சம்" என்று ஒரு வரி எழுதுங்கள். மூன்றும் இல்லை, சும்மா மரியாதைக்குத்தான் எழுதினீர்கள் என்றால் நைஸ் என்றே போட்டுவிடுங்கள். நாலு வரிக்கு ஒன்று போதும்.