165 பவுண்ட்ஸ் பொதியை விடுங்கள், அம்மாவின் விசாவைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் ஹரோவில் இருக்கிறோம். 2026 ஓகஸ்ட் 1, சனிக்கிழமை, முதன்முறையாக எங்கள் காரிலேயே ஸ்பெயினின் ரோசஸ் கடற்கரைக்கு இரண்டு கிழமை போக நினைத்திருக்கிறோம். நான், மனைவி, 13 வயது மகள், 7 வயது மகன், என் அம்மா. அம்மாவுக்கு இங்கே நிரந்தர வதிவிடம் உண்டு, கடவுச்சீட்டு இலங்கையுடையது. கார் 2017 டீசல். ஓர் இணையத்தளம் ஸ்டிக்கர், அனுமதி, கருவி எல்லாம் சேர்த்து 'ஐரோப்பியப் பயணப் பொதி' என்று 165 பவுண்ட்ஸ் கேட்கிறது. வாங்கினால் வழியில் பிரச்சினை வராதா? ஒரே மூச்சில் ஓட்டிவிடலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஒரே மூச்சிலும் ஓட்டாதீர்கள். ஆனால் இரண்டையும் விட அவசரமான ஒன்றை நீங்கள் கேட்கவே இல்லை.

ஸ்டிக்கர் இல்லை என்று டோவரில் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. கடவுச்சீட்டைப் பார்த்துத்தான் திருப்புகிறார்கள். பிரெஞ்சு எல்லைப் பொலிஸ் கலேயில் அல்ல, டோவரிலேயே நிற்கிறது; கப்பலேறும் முன்பே கதை முடிந்துவிடும். ஃபோக்ஸ்டனில் காரோடு சுரங்க ரயில் ஏறினாலும் அப்படித்தான்.

முதலில் அம்மா. பிரித்தானியாவில் நிரந்தரமாக இருக்கலாம் என்பதற்கும் ஷெங்கன் நாடுகளுக்குள் (பிரான்ஸ், ஸ்பெயின் உட்பட ஒரே விசாவை ஏற்கும் ஐரோப்பிய நாடுகள்) போகலாம் என்பதற்கும் சம்பந்தம் கிடையாது. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். உங்களுக்கு அது ஸ்பெயின். பிரான்ஸ் விசாவுக்குச் சந்திப்பு நேரம் சுலபமாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், இழுத்தால் 45 நாள் ஆகும். கட்டணம் 90 யூரோ, அதற்கு மேல் விசா நிலையத்தின் சேவைக் கட்டணம். மருத்துவச் செலவுக்குக் குறைந்தது 30,000 யூரோ தரும் பயணக் காப்புறுதியும் கேட்பார்கள்.

அரசுகள் விசா விண்ணப்பங்களை வாங்கும் வேலையைத் தனியாரிடம் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டன. கோடைக்காலத்தில் பக்கத்தைத் திறந்தால் 'நேரம் எதுவும் இல்லை' என்றே காட்டும். ஏனென்றால் இடைத்தரகர்கள் தானியங்கி மென்பொருள் வைத்து நேரங்களை அள்ளி எடுத்துக்கொண்டு, பிறகு விற்கிறார்கள். வாங்கினால் என்ன நடக்கும்? நேரத்தைப் பதிந்தபோது கொடுத்த பெயரும் கடவுச்சீட்டு இலக்கமும் உங்கள் அம்மாவுடையவை அல்ல என்றால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள், கொடுத்த காசு போனதுதான். சில ஏஜென்டுகள் இல்லாத ஹோட்டல் பதிவைக் கோப்பில் செருகுவார்கள். அது பிடிபட்டால் மறுப்பு அம்மாவின் பெயரில் விழும், ஏஜென்டின் பெயரில் அல்ல. அந்தப் பதிவு ஐந்து வருடம் ஷெங்கன் கணினியில் கிடக்கும். ரத்துச் செய்யக்கூடிய உண்மையான பதிவுகளையே வையுங்கள். காலையும் இரவும் நீங்களே பக்கத்தைத் திறந்து பாருங்கள், யாராவது ரத்துச் செய்யும் நேரங்கள் இடையிடையே வரும். விசா கையில் வரும்வரை கப்பலுக்கும் வீட்டுக்கும் காசு திரும்பி வராத வகையில் கட்டாதீர்கள்.

இனி நீங்கள் நால்வரும். பிரித்தானியக் கடவுச்சீட்டுக்கு இரண்டு நிபந்தனைகள். உள்ளே போகும் நாளில் அது வழங்கப்பட்டுப் பத்து வருடம் நிறைந்திருக்கக் கூடாது. திரும்பும் நாளுக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். 2018 செப்டெம்பர் வரை, பழைய கடவுச்சீட்டில் மிச்சம் இருந்த மாதங்களைப் புதியதில் கூட்டிக் கொடுத்தார்கள், ஒன்பது மாதம் வரை. உதாரணமாக உங்களுடையது 2016 யூலை 20 வழங்கப்பட்டு, முடிவுத் திகதி 2027 பெப்ரவரி 20 என்று இருக்கலாம். முடிவுத் திகதியைப் பார்த்தால் இன்னும் காலம் கிடக்கிறது. ஆனால் 2026 யூலை 20 அன்றே பத்து வருடம் நிறைந்துவிடும். ஓகஸ்ட் 1 அன்று அதை ஏற்கமாட்டார்கள். அதே கடவுச்சீட்டோடு யூலை 18 அன்று உள்ளே போயிருந்தால் பிரச்சினை இல்லை: நுழையும் நாளில் பத்து வருடம் ஆகவில்லை, முடிவுத் திகதிக்கும் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது. ஆகவே முடிவுத் திகதியை மட்டும் பார்க்காதீர்கள், வழங்கிய திகதியையும் பாருங்கள். பிள்ளைகளுடையது ஐந்து வருடக் கடவுச்சீட்டு. அவர்களுக்கு மூன்று மாதக் கணக்கு மட்டும் போதும்.

எல்லையில் உங்கள் முகத்தைப் படம் பிடிப்பார்கள், 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் விரல் அடையாளமும் எடுப்பார்கள். மகளிடம் எடுப்பார்கள், மகனிடம் படம் மட்டும். இது இலவசம். 'முன்பதிவு செய்து தருகிறோம்' என்று காசு கேட்கும் எவரும் ஏமாற்றுக்காரர். ஈட்டியாஸ் என்ற பயண அனுமதி 2026 இன் கடைசிக் காலாண்டில்தான் தொடங்கும் என்று அறிவித்திருக்கிறார்கள், கட்டணம் 20 யூரோ. அது தொடங்கும் முன்பே அதை விற்கிறவர் எதை விற்கிறார் என்று யோசியுங்கள்.

இப்போது அந்தப் பொதி. இப்படியானவற்றில் வழக்கமாக இருப்பவற்றைச் சொல்கிறேன். என்எச்எஸ் தரும் ஜிஹிக் சுகாதார அட்டை: என்எச்எஸ் தளத்தில் இலவசம், ஆளுக்கு ஒன்று. சர்வதேச ஓட்டுநர் அனுமதி: படம் உள்ள பிளாஸ்டிக் லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்குப் பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் தேவையில்லை. மது ஊதிப் பார்க்கும் கருவி: பிரான்ஸ் அந்த விதியை 2020 இலேயே எடுத்துவிட்டது, அது இருந்த காலத்திலும் வைத்திருக்காதவர்களுக்குத் தண்டம் என்று ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் கடைக்காரர்கள் விற்பதை நிறுத்தவில்லை. கார் பழுதாகி நின்றால் கூரையில் வைக்கும் ஸ்பெயினின் வி16 எச்சரிக்கை மின்விளக்கு: அங்கே பதிவான வாகனங்களுக்கு 2026 முதல் கட்டாயம், உங்கள் காருக்கு அல்ல.

உண்மையில் வாங்க வேண்டியவை: ஒரு முக்கோண எச்சரிக்கைப் பலகை, ஐந்து ஒளிரும் அங்கி, யூகே ஸ்டிக்கர், முகப்பு விளக்கில் ஒட்டும் தடுப்பான். நம்பர் பிளேட்டில் யூகே என்று இருந்தாலும் ஸ்பெயினில் தனி ஸ்டிக்கர் வேண்டும். பழைய ஜிபி ஸ்டிக்கர் செல்லாது. அங்கிகளை டிக்கியில் பைகளுக்கு அடியில் புதைக்காதீர்கள். காரை விட்டு இறங்கும் முன் போட வேண்டும், ஆகவே கதவுப் பொக்கற்றில் வையுங்கள். பிரெஞ்சு நகரங்களுக்கான கிரிட்-எயர் ஸ்டிக்கர் (காரின் புகை மாசு அளவைக் காட்டுவது) அரசுத் தளத்தில் ஏறத்தாழ ஐந்து யூரோ. லொக்புக்கைப் படமெடுத்து ஏற்றினால் தபாலில் வரும். பிரான்ஸில் அந்த விதியை வைத்திருப்பதா தூக்குவதா என்று அரசியல்வாதிகள் அடிபட்டு வந்திருக்கிறார்கள். நெடுஞ்சாலையை விட்டு நகரத்துக்குள் போகும் எண்ணம் இருந்தால் எடுத்து ஒட்டிவிடுங்கள். பார்சிலோனா பார்க்க ஆசை என்றால் காரை ரோசஸிலேயே விட்டு, பக்கத்து ஊரான ஃபிகெரெஸில் ரயிலேறுங்கள். அங்கே வெளிநாட்டு வாகனத்தை முன்கூட்டிப் பதிய வேண்டும் என்பது ஒரு தனித் தலைவலி.

கலேயிலிருந்து ரோசஸ் 1,200 கிலோமீற்றருக்கு மேல். ஓய்வு, சாப்பாடு, சுங்கச்சாவடி வரிசை எல்லாம் சேர்த்தால் பதினான்கு மணித்தியாலம், அதுவும் நல்ல நாளில். ஓகஸ்டின் முதல் சனிக்கிழமை நல்ல நாள் அல்ல. பிரெஞ்சுப் போக்குவரத்துச் சேவை அத்தகைய சனிக்கிழமைகளைத்தான் வரைபடத்தில் கறுப்பாகக் குறிக்கும். லியோனுக்கும் ஓரான்ஜுக்கும் இடையே ஏ7 நெடுஞ்சாலை அசையாது. வீட்டு வாடகை சனி முதல் சனி என்றால் வியாழன் விடியப் புறப்படுங்கள். ரீம்ஸ், திரோயா வழியாகப் போய், பாதித் தூரத்தில் பூன் பக்கம் இரவு தங்குங்கள். வெள்ளி காலையில் லியோன் நகரத்துக்குள் போகாமல் ஏ46 கிழக்குச் சுற்றுப்பாதையைப் பிடித்து, மாலைக்குள் பெர்பினியோன். சனி காலை எல்லையைக் கடந்தால் ஒரு மணித்தியாலத்தில் கடற்கரை.

இந்த வழியில் சுங்கம் ஒரு பக்கத்துக்குச் சுமார் நூறு யூரோ. சீட்டு எடுக்கும் இயந்திரம் உங்கள் காருக்கு இடப்பக்கம், அதாவது பயணி பக்கம் இருக்கும். மனைவி முன்னால் இருந்தால் வசதி. மகனை முன்னால் இருத்தாதீர்கள், பிரான்ஸில் பத்து வயதுக்குக் குறைந்தவர்கள் பின் சீட்டில் பூஸ்டரோடுதான். ஆரஞ்சு நிறத்தில் 't' போன்ற குறி மட்டும் உள்ள ஒழுங்கைக்குள் போனால் பின்னால் வருகிறவர்களின் ஹோர்ன் சத்தத்தோடு ரிவேர்ஸ் எடுக்க வேண்டிவரும். பச்சை அம்பு உள்ள இடத்துக்குப் போங்கள். நோர்மண்டிப் பக்கம் ஏ13 இல் சாவடியே இல்லை, 72 மணித்தியாலத்துக்குள் இணையத்தில் கட்ட வேண்டும். உங்கள் வழி அதுவல்ல. ஆகவே 'சுங்கம் பாக்கி' என்று போனுக்கு வரும் செய்தியை அழித்துவிடுங்கள்.

டீசல் அடிக்கும்போது பெயர் குழப்பும். பிரான்ஸில் 'கஸோல்', ஸ்பெயினில் 'கஸோலியோ' என்றால் டீசல். 'கஸோலினா' என்றால் பெற்றோல். சந்தேகம் வந்தால் குழாயில் ஒட்டிய குறியைப் பாருங்கள்: சதுரத்துக்குள் B7 என்றால் டீசல், வட்டம் என்றால் பெற்றோல்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போவீர்கள், தெரியும். மட்டன் ரோல்ஸ், தயிர்ச்சாதம், நெய் எதையும் கொண்டுபோக முடியாது. பிரித்தானியாவிலிருந்து இறைச்சியும் பாற்பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் அப்படித்தான். புளிச்சாதமும் வாழைப்பழமும் போகலாம். திரும்பும்போது ஸ்பெயின் சீஸும் பன்றித்தொடையும் வாங்கி வரலாம் என்றும் நினைக்காதீர்கள், 2025 ஏப்ரலிலிருந்து அதையும் இங்கே தடுத்துவிட்டார்கள்.

பிரெஞ்சு நெடுஞ்சாலையில் கார் நின்றால் உங்கள் பிரேக்டவுன் நிறுவனம் நேரே வர முடியாது. ஆரஞ்சு நிற அவசரத் தொலைபேசியில் அல்லது 112 இல் கூப்பிட்டால், அந்தச் சாலைக்கு அனுமதி பெற்ற இழுவை வண்டி வரும்; அதன் பற்றுச்சீட்டை வைத்திருந்து பிறகு நிறுவனத்திடம் கேளுங்கள். ஸ்பெயினின் ஏபி-7 நெடுஞ்சாலையில் யாராவது பக்கத்தில் வந்து 'உங்கள் டயரில் காற்றுப் போகிறது' என்று கைகாட்டினால் நிறுத்தாதீர்கள். வெளிநாட்டு நம்பர் பிளேட்டைப் பார்த்து, நீங்கள் குனிந்து டயரைப் பார்க்கும்போது கைப்பையை எடுக்கிறவர்கள் அவர்கள். அடுத்த பெற்றோல் நிலையம் வரை மெதுவாக ஓட்டி, விளக்கு வெளிச்சத்தில் நிறுத்துங்கள். ஒருவர் இறங்கிப் பார்க்கும்போது மற்றவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருக்கட்டும். ஐந்து கடவுச்சீட்டும் அம்மாவின் கைப்பையில் ஒன்றாக இருக்க வேண்டாம்.