மடக்கு மேசையும் மாமியாரின் முட்டிவலியும்

கேள்வி: சைதாப்பேட்டையில் வாடகை வீடு, 400 சதுர அடி. நாங்கள் நான்கு பேர். இதுவரை தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டுவந்தோம். மாமியாருக்கு முட்டிவலி வந்ததிலிருந்து அவரால் கீழே உட்கார முடியவில்லை. ஹால் பத்துக்குப் பத்து; ராத்திரி அங்கேதான் பாய் விரிக்கிறோம். சுவரில் மாட்டி மடக்கிக்கொள்ளும் டேபிள் ஒன்றை ஆன்லைனில் பார்த்துவைத்திருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: மடக்கு மேசை வாங்குங்கள். ஆனால் அந்தச் சுவர் மேசை வேண்டாம்.

முட்டிவலிக்காரர்கள் எழுந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டு உள்ளங்கையையும் மேசை விளிம்பில் ஊன்றி, உடம்பு பாரம் முழுவதையும் அதில் போட்டு, ஒரு மூச்சு வாங்கிவிட்டுத்தான் எழுவார்கள். சாப்பாட்டுத் தட்டைத் தாங்கும் பலகை இதைத் தாங்காது. சுவர் மேசையில் அவ்வளவு பாரத்தையும் சுமப்பது நாலைந்து ஸ்க்ரூதான். பழைய செங்கல் சுவரென்றால் பூச்சு உதிரும். புது ஃபிளாட்டுகளின் லேசான பிளாக் சுவரில் சாதாரண பிளக் நாளடைவில் ஆடிப்போகும். தவிர, சுவரில் ஓட்டை போட ஓனர் ஒத்துக்கொள்ள வேண்டும். காலி செய்யும்போது அட்வான்ஸில் கை வைக்க அவருக்கு வேறு காரணமே வேண்டாம்!

உங்களுக்குத் தோதானது, நடுவில் குறுகிய பலகை நிலையாக நின்று, இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி தொங்கும் வகை. ஒரு இறக்கையை மட்டும் தூக்கினால் இரண்டு பேர், இரண்டையும் தூக்கினால் நான்கு பேர். மாமியாரின் இடம் எப்போதும் நிலையான பகுதியின் பக்கம்தான், இறக்கை நுனியில் இல்லை. முடிந்தால் அவரையே கடைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்து எழுந்திருக்கச் சொல்லுங்கள். மேசை சாய்ந்தாலோ தள்ளாடினாலோ அடுத்ததைப் பாருங்கள்.

போவதற்கு முன் ஹாலில் நியூஸ்பேப்பரை விரித்து அளந்துவிடுங்கள். ஒருவர் உட்கார இரண்டடி அகலம் வேண்டும். நாற்காலியை இழுத்து எழ, பின்னால் இரண்டரை அடி. பத்தடி ஹாலில் டிவி ஸ்டாண்டும் பீரோவும் போக எவ்வளவு மிஞ்சுகிறது என்று அப்போது தெரிந்துவிடும். நான்கு நாற்காலியும் வேண்டியதில்லை. மாமியாருக்குக் கைப்பிடி வைத்த ஒன்று, மற்றவர்களுக்கு மேசைக்கடியில் தள்ளிவிடும் ஸ்டூல்கள்.

மரத்தூளை அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டைத் தவிர்த்துவிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தண்ணீர் எங்கள் தரைத்தளத்துக்குள் வந்தபோது, என் கம்ப்யூட்டர் டேபிளின் கால்கள் ஊறவைத்த ரஸ்க் மாதிரி உப்பிவிட்டன. வெள்ளம் வேண்டாம், தினம் வீடு துடைக்கிற தண்ணீரே போதும். இரும்புக் காலும் அதன்மேல் பிளைவுட் பலகையும் பாதுகாப்பு. பலகையின் விளிம்பில் பட்டி ஒட்டியிருக்கிறதா, கால்களின் அடியில் ரப்பர் மூடி இருக்கிறதா பாருங்கள். கீலைப் பத்து தடவை மடக்கி விரித்துப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். மேசை வந்தபின் கிரைண்டரை மட்டும் அதன்மேல் ஏற்றாதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் இதை நிஜமாகவே மடக்குவீர்களா? இஸ்திரிக்குப் போகிற துணியும் கேஸ் புத்தகமும் ஏறிவிட்டால் எந்த மடக்கு மேசையும் மடங்காது. ராத்திரி பாய் விரித்தாக வேண்டிய வீடு என்பதால் உங்கள் வீட்டில் மடங்கும் என்றே நினைக்கிறேன்.

பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்திருந்தால் பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் கணக்கு. மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்யுங்கள். ஆன்லைனில்தான் வாங்குவதென்றால், பெட்டி பிரிப்பதை மகனையோ மகளையோ செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், ஸ்க்ரூ பாக்கெட்டை எண்ணுவது உட்பட.