பழத்தைப் பூட்டி வச்சா ஆமை புல்லு தின்னுமா?

கேள்வி: எங்க வீட்ல 3 வயசு சல்காட்டா ஆமை இருக்கு. வாழைப்பழம், தக்காளி, வெள்ளரிக்கா தவிர எதையும் தொடாது, கீரை போட்டா மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குது. மாமனார் தினமும் சாயங்காலம் பழம் குடுத்துப் பழக்கிட்டார். சொன்னாலும் கேக்கல, அதனால பழத்தையெல்லாம் பெட்ரூம் பீரோல வச்சுப் பூட்டிடறேன். இதை நல்ல சாப்பாட்டுக்கு எப்படி மாத்தறது? (பெயர் வேண்டாம், கோவை)

பதில்: ஆமைக்கு அப்புறம் வரேன். பழத்தை பீரோல வச்சுப் பூட்டறீங்களா? அதைப் போற போக்குல ஒரு வரியா எழுதிட்டுப் போயிட்டீங்க. மகன் வீட்ல இருக்கற பெரிய மனுஷன் சாயங்காலம் கூடையில கைய வச்சா ஒண்ணும் இல்ல, பீரோல சாவி இல்ல, இது ஆமைக்காகத்தான்னு அவர் நம்புவாரா? வாயத் திறந்து கேக்கவும் மாட்டார். லெட்டர் முழுக்க உங்க வீட்டுக்காரரைக் காணோமே, அவர் எங்க? அவங்க அப்பாகிட்ட உக்காந்து பேச வேண்டியது அவர். நீங்க "குடுக்காதீங்க மாமா"ன்னு சொல்லிருப்பீங்க, ஏன்னு யாராவது சொன்னீங்களா?

ஏன்னா இது சஹாரா ஓரத்துல காஞ்ச புல்ல மேஞ்சு வாழற ஜாதி. அது குடல் நாருக்குத்தான் பழகினது, பழத்துச் சர்க்கரை உள்ள போனா புளிச்சு கேஸ் ஆகி கழிச்சல்ல கொண்டு போய் விடும். வெள்ளரிக்கா முக்காவாசி வெறும் தண்ணி, பாலக் கீரையை தினமும் போட்டீங்கன்னா அதுல இருக்கற ஆக்சலேட் கால்சியத்தை ஒட்ட விடாது. இதை அவர்கிட்ட சொல்லிட்டு, வேலையையே அவர்கிட்ட குடுத்துடுங்க. சாயங்காலம் அவர் நடந்து வந்தா ஓடி வர்ற ஒரு ஜீவன் உங்க வீட்ல அதுதான் போல, அதையும் பிடுங்காதீங்க.

காலைல வாக்கிங் போறப்ப ஒரு பையோட போகட்டும். அருகம்புல், செம்பருத்தி இலை, பூ, முசுக்கொட்டை (மல்பெரி) இலை, கிடைச்சா சப்பாத்திக்கள்ளி முள்ளு சீவி. மருந்தடிச்ச இடம், ரோட்டோரம் வேண்டாம். புல்ல கத்திரிக்கோலால பொடியா வெட்டி தண்ணி தெளிச்சு, ஒரு ஸ்பூன் தக்காளிய மசிச்சு நல்லா பிசிறுங்க, துண்டு துண்டா போட்டா தக்காளிய மட்டும் பொறுக்கிட்டுப் போயிடும் கள்ளப்பய. வாரா வாரம் தக்காளிய கொறச்சுட்டே வந்து நிறுத்திடுங்க. முதல்ல ரெண்டு மூணு நாள் மூஞ்சிய திருப்பும், நல்லாருக்கற ஆமை அதுல செத்துடாது, பாவம்னு யாராவது ஒரு பழத்த நீட்டினீங்கன்னா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும், இதுல உங்க பசங்களும் அடக்கம்.

இன்னொண்ணு, ஏசி ரூம்ல வச்சிருந்தா எதப் போட்டாலும் திங்காது, உடம்பு சூடாகலன்னா அதுக்கு செரிக்காது. காலை வெயில்ல விடுங்க, பக்கத்துல நெழல் இருக்கணும், ஜன்னல் கண்ணாடி வழியா வர்ற வெயில் பத்தாது, அதுல யுவிபிங்கற புற ஊதாக் கதிர் வராது. கடல் நுரை ஓடு (கணவாய் மீனோட ஓடு) ஒண்ணு போட்டு வச்சா கால்சியத்துக்கு அதுவே கொறிச்சுக்கும். கழிச்சல் நிக்கலன்னாலோ, சூடா இருந்தும் ஒரு வாரமா வாயே வைக்கலன்னாலோ எச்சத்தையும் ஒரு டப்பால எடுத்துட்டு, ஊர்வன பாக்கற டாக்டர்கிட்ட போங்க.

அப்புறம், இது சைட்டிஸ்ங்கற சர்வதேச வனவிலங்கு வர்த்தக ஒப்பந்தப் பட்டியல்ல இருக்கற ஜாதி, 2022 வனவிலங்கு பாதுகாப்புத் திருத்தச் சட்டப்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் போர்ட்டல்ல பதிவு பண்ணணும். பண்ணியாச்சான்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட கேளுங்க, அந்த வேலையாவது அவர் பாக்கட்டும்.